ஆடிஷன் கொடுத்துவிட்டுப் பதில் வராத நாட்களில்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்து 26 வயது வாசகி கேட்கிறார்: “மூன்று வருடமாகச் சென்னைக்குப் போய் ஆடிஷன் கொடுக்கிறேன். இரண்டு குறும்படம், ஒரு சீரியலில் நர்ஸ் வேஷம், அவ்வளவுதான். ‘சொல்லி அனுப்புறோம்’ என்பார்கள், அப்புறம் பேச்சே இருக்காது. ரீல்ஸுக்கு லைக் குறைந்தால் எனக்கு நடிக்கவே வராது என்று தோன்றுகிறது. பேச்சில் மலையாள வாடை அடிப்பதாகவும் சொல்கிறார்கள். நான் நன்றாக நடிக்கிறேனா என்று யாரிடம்தான் கேட்பது?”

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நன்றாக நடித்தேனா என்பது ஒன்று, என்னை எடுத்தார்களா என்பது இன்னொன்று. முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். அக்கா வேஷத்துக்கு ஆள் தேடும்போது ஏற்கெனவே முடிவான தம்பியின் முகஜாடை, உயரம், தேதி, சம்பளம் எல்லாம் பார்ப்பார்கள். நன்றாக நடித்த நாலு பேர் வந்தாலும் மூன்று பேர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதை நடிப்புக்குப் போட்ட மார்க் என்று எடுத்துக்கொண்டால் மனசு தாங்காது. லைக்கும் அப்படித்தான்.

சரி, யாரிடம் கேட்பது? நம்மூர்க் கோயில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். நடுச்சாமம் தாண்டினால் பந்தலில் பாதிப் பேர் உறங்கிப்போவார்கள். கதை பாடும் புலவர் மட்டும் வில்லின் நாணில் வீசுகோலைத் தட்டி, தொடங்கியபோது இருந்த அதே தெம்போடு கதை சொல்லிக்கொண்டிருப்பார். அந்தத் தெம்பு எதிரே உறங்குகிறவர்களிடம் இருந்து வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் பின்பாட்டுக்காரர் அடிக்கு அடி “ஆமா” போடுகிறாரே, அங்கிருந்து வருகிறது. கதை தெரிந்தவர் போடும் ஆமா அது. புலவர் எங்காவது தடுமாறினால், “அதுக்குப் பொறவு என்ன ஆச்சு?” என்று கேட்டு அவரைக் கதைக்குள் இழுத்துவிடுவதும் அவர்தான்.

உங்களுக்கும் அப்படி இரண்டு பேர் வேண்டும். அம்மாவும் சிநேகிதியும் வேண்டாம், பாசம் கண்ணை மறைக்கும். குறும்படத்தில் கூட நடித்தவர் ஒருவர், அதன் எடிட்டர் ஒருவர். எடிட்டரை நான் விசேஷமாகச் சொல்வேன். நீங்கள் சொதப்பிய டேக் எல்லாவற்றையும் பார்த்த ஆள் அவர். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் யாரும் “நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். “எந்த இடத்தில் என்னை நம்ப முடியவில்லை?” என்று கேளுங்கள்.

அடுத்தது, ஆடிஷன் அறைக்குள் வரும் வெப்ராளம், அதாவது படபடப்பு. என் முதல் மேடை ஒரு கோயில் திருவிழா நாடகம். மாமனாருக்குக் காப்பி கொடுக்கும் காட்சியில் டம்ளர் நடுங்குவது முன்வரிசைக்கே தெரிந்தது. மறுநாள் ஒத்திகையில் மூத்த நடிகர் ஒருவர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, “ஒரு சொட்டு சிந்தாம கொண்டு வா மக்ளே” என்றார். தண்ணீரையே பார்த்து நடந்தேன். நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கவன வட்டம் என்று சொன்னது இதைத்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கண் ஒரு சின்ன வேலையில் ஊன்றிவிட்டால், பார்க்கிறவர்களைப் பற்றிய நினைப்பு தானாகத் தள்ளிப் போகும். நீங்களும் வசனத்தோடு கைக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு போங்கள்: துப்பட்டா மடிப்பது, பையில் சாவி தேடுவது, எதுவானாலும் சரி.

பேச்சு விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், காந்தியின் கதையை நம்மூர் வில்லுப்பாட்டாகவே ஊர் ஊராகச் சொன்னார். ஆனால் ‘சொன்னாங்க’ என்பதற்கு ‘பறைஞ்சாங்க’ மட்டுமே வாயில் வரும் என்றால் வேஷங்கள் குறையும். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துப் பொதுத் தமிழையும் பழகுங்கள். இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

இன்னொன்று, “உங்ககிட்ட திறமை இருக்கு, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பாராட்டுக்கு ஏங்கும் நேரத்தில்தான் இந்த வலையில் விழுவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, ஒரு நிமிட வசனத்தை போனில் எடுங்கள். வாரம் ஒரு முறை அதே வசனம், அதே இடம். முதல் வீடியோ எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழிக்காதீர்கள். எட்டாவது வாரம் அதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லுங்கள்.