வங்காளிக்கு திமிரா, நமக்கு இல்லையா? கேட்டவங்களுக்கு பதில்

பேங்க் வேலைல கல்கத்தா, டெல்லி, பாட்னா, பாம்பேனு டிரான்ஸ்ஃபர்லயே பாதி சர்வீஸ் போச்சு. அதனால கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, பெங்காலிங்க ஏன் தங்களை மட்டும் பெரிய அறிவாளினு நினைச்சுக்கறாங்க?
எல்லாரும் இல்லப்பா. நீங்க சொல்றது 'பத்ரலோக்'னு சொல்லிக்கிற படிச்ச கூட்டம், பெரும்பாலும் மேல்சாதி. 1911ல தலைநகரத்த டெல்லிக்கு மாத்தறதா அறிவிக்கற வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே கல்கத்தாதான் தலைநகரம், இங்கிலீஷ் படிப்பு கிளார்க் வேலை கோர்ட்டு பத்திரிகைனு எல்லாத்துலயும் முதல் பந்தி அவங்களுக்குத்தான், 1913ல தாகூருக்கு நோபல் வேற. அப்புறம் ஃபேக்டரிங்க ஒவ்வொண்ணா மூடிடுச்சு, பெருமை மட்டும் அப்படியே நிக்குது. அவங்களுக்குள்ளயும் சும்மா இல்ல, கிழக்கு வங்காளத்துல இருந்து வந்தவங்கள இந்தப் பக்கத்துக்காரங்க ஒரு மாதிரிதான் பாப்பாங்க. ஃபுட்பால்ல ஈஸ்ட் பெங்கால் அவங்க டீம், மோகன் பகான் இவங்க டீம், ரெண்டும் மோதற மேட்ச் அன்னிக்கு போய் பாருங்க தெரியும்.

கேள்வி: டெல்லில 'மதராசி'னு கூப்பிடறாங்க சார், பத்திக்கிட்டு வருது.
வரத்தான் செய்யும். மெட்ராஸ் மாகாணம் இருந்த காலத்து பழக்கம், மலையாளி தெலுங்கர் எல்லாரும் அவங்களுக்கு ஒண்ணுதான். சரி, நாம 'வடக்கன்'னு சொல்றோமே அது என்ன கணக்கு? திருப்பூர்ல வேலை பாக்கற ஒடியாக்காரனுக்கு தாய்மொழி இந்தியே கிடையாது, அவனையும் சேத்து இந்திக்காரன்னு ஒரே மூட்டைல கட்டிடறோம்.

கேள்வி: பீகார்காரங்க உழைக்க மாட்டாங்க, அதான் அந்த ஊர் அப்படி இருக்குனு மாமா சொல்றாரு?
மாமா வீட்டு ஃபிளாட்ட கட்டினது யாருனு கேளுங்க! 1950கள்ல சரக்குக் கட்டண சமன்பாடுனு ஒரு கொள்கை கொண்டுவந்தாங்க, இரும்பும் நிலக்கரியும் பீகார் மாதிரி தோண்டற இடத்துல என்ன விலையோ கிட்டத்தட்ட அதே விலைக்கு பாம்பேலயும் மெட்ராஸ்லயும் கெடைக்கும். அப்ப எவன் பீகார்ல போய் ஃபேக்டரி போடுவான்? 1990கள் வரைக்கும் இதே கதைதான். 2000ல ஜார்க்கண்ட் பிரிஞ்சப்போ சுரங்கம் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஜமீன்தாரும் சாதியும் அங்க ரொம்பவே ஆட்டம் போட்டிருக்கு.

கேள்வி: நீங்க பாத்ததுல யாருக்கு திமிர் ஜாஸ்தி?
சவுத் பாம்பே, பணக்காரங்க ஏரியா. புறநகர் அந்தேரில குடியிருக்கேன்னா பாஸ்போர்ட் கேப்பாங்க போல.

கேள்வி: அடுத்த மாசம் கல்கத்தாவுக்கு வேலைக்கு போறேன், என்ன பாத்து நடந்துக்கணும்?
பெரியவங்க பேரோட 'தா' (அண்ணன்), 'தி' (அக்கா) சேத்து கூப்பிடுங்க, குளிர்ந்துடுவாங்க. ரசகுல்லா ஒடிசாவோடதுனு மட்டும் வாய விட்றாதீங்க, 2017ல வங்காளத்துக்கு, 2019ல ஒடிசாவுக்குனு தனித்தனியா புவிசார் குறியீடு குடுத்தும் அந்த பஞ்சாயத்து இன்னும் தீரல.