சினிமாவில் வரும் மறதியும் நிஜ வாழ்க்கை மறதியும் ஒன்றுதானா?

தலையில் அடிபட்டதும் சொந்தப் பேர்கூட மறந்துபோய், கடைசி ரீலில் எல்லாம் திரும்பி வருகிறதே, நிஜத்திலும் அப்படி நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நடக்காது. நிஜத்தில் சொந்தப் பேர் வெகுநாள் நிற்கும். முதலில் போவது காலையில் என்ன பசியாறினோம் என்பதுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் பெரியவர்களை டாக்டரிடம் காட்டாமலே வருஷத்தைக் கடத்திவிடுகின்றன. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதற்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பேர். சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிய ஊர். என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், பால்மரம் வெட்டியே, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தே, பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருக்கு மறதி தொடங்கியபோது வீட்டில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. "ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னு வளர்ந்த கதைய நேத்து நடந்த மாதிரி சொல்றாங்க. அவங்களுக்கா ஞாபகம் போச்சு?" என்பார் மாமா.

அல்சைமர் என்ற மறதி நோயின் போக்கே அதுதான். புதிய விஷயங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பழுதாகிறது. எப்போதோ பதிந்து ஊறிப்போன பழைய நினைவுகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. "வெளக்கேத்தியாச்சாம்மா?" என்று பாட்டி கேட்பார். ஏற்றியாச்சு என்று சொல்லித் தீப்பெட்டியை எடுத்து வைப்பதற்குள் அதே கேள்வி, அதே குரலில், முதல் தடவை கேட்பது போலவே வரும். விடியற்காலை இருட்டில் எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, மண்டோரு ஏசுவாரு" என்று தலைத்துண்டைத் தேடுவார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, மண்டோர் வேலையை மேற்பார்ப்பவர். அவர் வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் இப்போது வீட்டு வரிசைகள்.

ஒருநாள் மாமா பழைய சாமான்களுக்கிடையே பால்மரம் வெட்டும் உளி ஒன்றைக் கண்டெடுத்தார். பாட்டி அதை வாங்கி, கல்லில் தண்ணீர் தெளித்து, முனையைச் சாய்த்துப் பிடித்து இழுத்துத் தீட்டினார். பதம் சரிதானா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத அதே நேரத்தில் கை தன் வேலையை மறக்கவில்லை.

இதை உலகத்துக்குப் புரிய வைத்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். காக்காய் வலிப்புக்காக 1953-இல் அவர் மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தார்கள். 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவே இல்லை. ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு போடும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முன்பு செய்த ஞாபகம் மட்டும் இல்லை.

'கஜினி' (2005) படத்தின் அடிப்படை இந்த வகை மறதிதான். அந்த மட்டில் அது பொய் இல்லை. ஆனால் அந்த நிலையில் இருப்பவர் தனியாளாகத் திட்டம் போட்டுப் பழிவாங்குவது நடக்கிற காரியமில்லை. மொலைசன் ஆயுள் முழுக்கப் பிறர் பராமரிப்பில்தான் இருந்தார். 'மூன்றாம் பிறை' (1982) பார்த்து அழாதவர் எங்கள் வீட்டில் இல்லை, எனக்கும் மிகப் பிடித்த படம். ஆனாலும் விபத்தில் அடிபட்ட பெண் குழந்தையாகவே மாறுவதும், சிகிச்சையில் ஒரே நாளில் தெளிவதும் கதைக்காகச் செய்தவை. நிஜத்துக்கு மிக நெருங்கியது 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012). அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையில் நடந்ததை வைத்து எடுத்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த இளைஞன் தன் பேரை மறக்கவில்லை, கூட்டாளிகளை மறக்கவில்லை. காணாமல் போனது அடிபட்ட நாளை ஒட்டிய ஒரு துண்டுதான்.

பாட்டியை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது, இது என்ன ஊர் என்று டாக்டர் கேட்டார். பத்தாங் பெர்ஜுந்தை என்றார் பாட்டி. டாக்டர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், இங்கே பெரியவர்கள் யாரும் புதுப் பேரைச் சொல்வதில்லை. இது எந்த வருஷம் என்று கேட்டதும் பாட்டி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். பதிலுக்காக இப்படிக் கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பதும் ஓர் அடையாளம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று முதல் அந்தத் திரும்பலை வேறு வீட்டுப் பெரியவர்களிடமும் கவனிக்கிறேன்.

ஞாபகம் திரும்புமா என்றால், அல்சைமரில் திரும்பாது. மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சகாலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சிறுநீர்க் கிருமித்தொற்று எல்லாம் வயதானவர்களைக் குழப்பிவிடும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

இன்னொரு அடி விழுந்தால் ஞாபகம் வந்துவிடும் என்பது சினிமாவின் மிக ஆபத்தான பொய். வயதானவர்களுக்கு லேசான அடியிலேயே மண்டைக்குள் மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரும். வாரங்கள் கழித்துத்தான் தடுமாற்றமும் மறதியும் தெரியும். சிடி ஸ்கேனில் கண்டுபிடித்து அந்த ரத்தத்தை வெளியேற்றினால் பலர் நன்றாகத் தெளிகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, கொஞ்ச நாளில் பேச்சு மாற ஆரம்பித்தால், வயசாச்சு என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவர் விழுந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.