மகன் லேப்டாப்பில் கிராக் போட்ட மியூசிக் சாஃப்ட்வேர் இருக்கிறதா?

அம்மா, பையன் பிளஸ் டூ முடித்ததும் மியூசிக் புரொடக்‌ஷன்தான் என்கிறான், ராத்திரியெல்லாம் லேப்டாப்பே கதி, அதில் இருப்பதெல்லாம் கிராக், அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போட்ட திருட்டுப் பிரதி என்று அவன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆனால் கிராக்கோடு வரும் குறிப்பை அவனையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, நெட்டைத் துண்டி, அப்புறம் இன்ஸ்டால் பண்ணு' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதே லேப்டாப்பில்தானே நீங்கள் நெட் பேங்கிங்கும் பார்க்கிறீர்கள்? 2019இல் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் கண்டுபிடித்த லவுட்மைனர் என்ற கள்ள புரோகிராம், ஏபிள்டன் லைவ் மாதிரியான மியூசிக் சாஃப்ட்வேரின் திருட்டுப் பிரதிகளில் ஒளிந்து வந்து, உள்ளே உட்கார்ந்து, அந்த கம்ப்யூட்டரின் சக்தியைத் திருடி அதை அனுப்பியவனுக்காக மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. இசை வேலை செய்யும் கம்ப்யூட்டர் எப்போதும் சூடாகத்தான் ஓடும், ஃபைல்களும் பெரியவை, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கெட்டிக்காரத் திருடன்தான்! அடுத்த வருஷம் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில், இதே மாதிரி திருட்டுப் பிரதிகளோடு ஈவில்குவெஸ்ட் என்ற இன்னொன்று வந்தது, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 50 டாலர் கேட்டது.

சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் சிறையில்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு, ஆனால் பையன் நாலு குறும்படத்துக்குக் காசு வாங்கி இசை போட ஆரம்பித்துவிட்டால் அந்தச் சலுகையை நம்ப முடியாது.

சரி, வேறு வழி? ரீப்பர் என்ற மியூசிக் சாஃப்ட்வேரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர்தான். இன்னொரு சாஃப்ட்வேரான எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச டிரையலில் பாட்டை முடித்து எக்ஸ்போர்ட் பண்ணலாம், சேவ் செய்த புராஜெக்டை மறுபடி திறக்கத்தான் வாங்க வேண்டும். மேக் என்றால் ஆப்பிளின் கராஜ்பேண்ட் சாஃப்ட்வேர் இலவசம். வாத்திய ஒலிகளை உருவாக்கும் வைட்டல் சிந்தசைசருக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்டத் தயாராக இருக்கும் வீட்டில் இந்த 60 டாலருக்கு யோசிப்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

கிராக்கை அழித்தால் பழைய பாட்டெல்லாம் போய்விடுமே என்று அழுவான். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் (WAV) ஆடியோ ஃபைலாக எடுத்து வெளி டிஸ்க்கில் வைக்கச் சொல்லுங்கள், பிறகு விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடட்டும். பேங்க் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், அந்த லேப்டாப்பில் இல்லை, உங்கள் போனில்.