அமெரிக்காவில் மனநல மருத்துவ ரெசிடென்சி: இந்திய எம்பிபிஎஸ் போதுமா?

இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்தவருக்கு அமெரிக்காவில் மனநல மருத்துவ ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் சுலபமான துறை என்று நினைத்து வராதீர்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது.

அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற எழுதும் யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சில வாரங்களாவது இருந்து, உங்களை நேரில் கவனித்த மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். இதற்கு ஈடே இல்லை.

'ஏன் இந்தத் துறை?' என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். பொதுவாகப் பேசாதீர்கள். இரவெல்லாம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்த நோயாளி லித்தியம் மருந்து கொடுத்தபின் மெல்ல நிதானத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் செப்டம்பரில், முடிவு மார்ச்சில், பயிற்சி 4 ஆண்டு. அப்புறம் விசா: ஜே-1 எனும் பரிமாற்றப் பார்வையாளர் விசாவில் போனால், விலக்கு கிடைக்காதவரை, பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும்.