ஸ்டீரொயிட் குளிசையை அடியோடு நிறுத்திவிட்டேன், சிறுநீரகம் போய்விடுமா?

கேள்வி: தொய்வுக்காகப் பார்மசியில் நானே வாங்கி நாலு மாதமாகத் தினமும் பிரெட்னிசொலோன் 10 மி.கி. குடித்தேன். முகம் ஊதிவிட்டது. சிறுநீரகம் பழுதாகும் என்று யூடியூப்பில் பார்த்து ஆறு நாளைக்கு முன் விட்டுவிட்டேன். இப்போது களைப்பு, உடம்பு நோ, பசியில்லை, எழும்பினால் தலைச்சுற்று. சிறுநீரகமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சிறுநீரகத்தை விடுங்கள். சில சிறுநீரக நோய்களுக்கு நாங்கள் கொடுப்பதே இந்தக் குளிசையைத்தான். முக ஊதல் அளவு குறையக் குறைய வற்றும். பிழை நடந்திருப்பது சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பியில். அதை அந்த வீடியோக்காரர் சொல்லவில்லை.

மூளையடியிலுள்ள கபச்சுரப்பி ஏ.சி.ரி.எச். என்ற ஓமோனை இரத்தத்தில் விடும். அதிரீனல் கலங்களின் மேற்பரப்பில் ஓமோனைப் பிடிக்கும் வாங்கிகள் உண்டு. அவற்றில் அது ஒட்டினால்தான் கோர்ட்டிசோல் என்ற அதிரீனல் ஓமோன் சுரக்கும். கோர்ட்டிசோல் கொழுப்பில் கரைவது. கலத்துக்குள்ளேயே நுழைந்து, அங்குள்ள வாங்கியோடு கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும் அல்லது அடக்கும். கபச்சுரப்பிக் கலங்களுக்கு அது சொல்லும் செய்தி ஒன்றுதான்: போதும், நிறுத்து. பிரெட்னிசொலோன் ஒட்டுவதும் அதே வாங்கியில்தான். உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கோர்ட்டிசோல் ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசொலோனுக்குச் சமம். நீங்கள் குடித்தது அதன் இரு மடங்கு. நாலு மாதமாக 'நிறுத்து' ஓயவேயில்லை. ஏ.சி.ரி.எச். வராத அதிரீனல் சுருங்கிப்போகும். பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். நீங்கள் கொடுத்தது ஆறு நாள். குளிசையும் இல்லை, சொந்தக் கோர்ட்டிசோலும் போதவில்லை; இந்தக் களைப்பும் தலைச்சுற்றும் அதனால்தான்.

இன்றைக்கே 10 மி.கி.ஐச் சாப்பாட்டோடு திரும்பத் தொடங்குங்கள். இன்றைக்கே ஒரு வைத்தியரையும் காணுங்கள். சத்தி எடுத்துக் குளிசை தங்காவிட்டால், எழும்பும்போது மயங்கினால், பேச்சுத் தடுமாறினால் வீட்டில் படுத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே 'நாலு மாதம் ஸ்டீரொயிட் குடித்து நிறுத்திவிட்டேன்' என்று சொல்லுங்கள். உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மி.கி. ஊசியும் சேலைனும் ஏற்றுவார்கள். மறைத்தால் டெங்குவா, வேறென்னவா என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். இதில் உயிர் போகலாம்.

குறைப்பதை வைத்தியரிடம் விடுங்கள். 5 மி.கி. வரை ஓரளவு வேகமாகவும், அதற்குக் கீழே மாதத்துக்கு 1 மி.கி. என்ற அளவில் மெதுவாகவும் இறக்குவது வழக்கம். இடையில் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டிவரும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். கோர்ட்டிசோல் பரிசோதனைக்குக் காலை 8, 9 மணிக்குள் இரத்தம் கொடுங்கள், அன்றைய குளிசையைக் குடிக்காமல். குடித்துவிட்டுப் போனால் சில ஆய்வுகூட முறைகள் பிரெட்னிசொலோனையும் கோர்ட்டிசோலாகவே எண்ணிவிடும். பின்னேரம் கொடுத்தால் இயல்பாகவே குறைவாக இருக்கும். அந்த றிப்போட்டைப் பார்த்து இன்னொரு வீடியோ தேடுவீர்கள்.

தொய்வுக்கு நாளாந்தம் வேண்டியது இன்ஹேலர். அதிலும் ஸ்டீரொயிட்தான், ஆனால் மைக்ரோகிராம் கணக்கில், நேரே சுவாசக் குழாய்க்கு. இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.