கழகம்ங்கற பாதி

கேள்வி: மாணவர்கள் சங்கம் வைக்கிறது, வாத்தியாரையே கேள்வி கேக்கிறது, ஸ்ட்ரைக் பண்றதெல்லாம் இந்தக் காலத்துல வந்த பழக்கம்தானே சார்? ஐரோப்பாவுல பல்கலைக்கழகம் தொடங்கின காலத்துல பசங்க கைகட்டி வாய்பொத்திப் படிச்சாங்க, அதனாலதானே அதெல்லாம் இன்னைக்கும் நிக்குது?
(வாசகர், கரூர்)

பதில்: இல்லைங்க, நேர் எதிர். நீங்க கெட்ட பழக்கம்னு சொல்ற அதுதான் பல்கலைக்கழகத்தையே உண்டாக்குச்சு.

முதல்ல அந்தப் பேரைப் பாருங்க. யுனிவெர்சிடாஸ்ங்கற லத்தீன் வார்த்தைக்குப் பல கலை சொல்லித்தர்ற இடம்னு அர்த்தம் கிடையாது, ஒண்ணா சேர்ந்து நிக்கிற கூட்டம், சங்கம், அவ்வளவுதான். கைத்தொழில்காரங்க வச்சிருந்த சங்கத்துக்கும் அதே வார்த்தைதான். நம்ம 'பல்கலைக்கழகம்'ல கழகம்ங்கற பாதிதான் மூலத்துக்குப் பக்கத்துல இருக்கு.

இத்தாலியில பொலோன்யாவுக்கு ரோமானியச் சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலை தாண்டியெல்லாம் வந்தாங்க, பாதிப் பேர் சின்னப் பசங்களும் இல்ல, வயசு இருவதைத் தாண்டினவங்க, ஆனா அந்த ஊருக்கு வெளியாளுங்க, அங்க அவங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. ஒருத்தன் கடன் வாங்கிட்டு ஓடிட்டான்னா அவன் நாட்டுக்காரன் இன்னொருத்தனைப் பிடிச்சு அந்தக் கடனை வசூல் பண்ற வழக்கமே இருந்துச்சு. 1158-ல பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசா இது கூடாதுன்னு ஆணை போட்டார். ஆணை மட்டும் போதுமா? நாடு நாடா சேர்ந்து சங்கம் வச்சாங்க, தங்கள்ல ஒரு மாணவரையே ரெக்டரா, அதாவது சங்கத் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. வாடகையை ஏத்தினா, தொந்தரவு குடுத்தா ஊரையே விட்டுப் போயிடுவோம்னாங்க. போகவும் முடிஞ்சுது, ஏன்னா கட்டடம்னு ஒண்ணு இல்ல, பாடம் நடந்ததெல்லாம் வாத்தியார் வீட்லயும் வாடகை ரூம்லயும்தான். 1222-ல அப்படி ஒரு கூட்டம் கிளம்பிப் போய்த்தான் பாதுவா பல்கலைக்கழகம் உருவாச்சு.

இப்ப கைகட்டினது யாருன்னு பாக்கலாம். பொலோன்யா வாத்தியார் மணி அடிச்சதும் பாடத்தைத் தொடங்கணும், அடுத்த மணி அடிச்சா உடனே முடிக்கணும். கஷ்டமான பகுதியை அப்புறம் பாக்கலாம்னு தள்ள முடியாது, ஒரு அத்தியாயத்தைத் தாண்டிப் போக முடியாது, இத்தனை நாளைக்குள்ள இத்தனை பாடம்னு கணக்கு இருந்துச்சு, தவறினா அபராதம். ஒரே ஒரு நாள் லீவுன்னாலும் அனுமதி வாங்கணும், ஊரை விட்டுப் போறதுன்னா திரும்பி வருவேன்னு பணம் கட்டிட்டுப் போகணும். வகுப்புக்கு அஞ்சு பேர் கூட வரலைன்னா அவரே வராத மாதிரிக் கணக்கு வச்சு அபராதம் போட்டாங்க. இதெல்லாம் மாணவர் சங்கத்தோட சட்டதிட்டத்துலயே எழுதி இருந்தது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்தக் கஷ்டமான பகுதி விஷயம்தான், சிலபஸ் முடியாம பரீட்சைக்குப் போன ஒவ்வொருத்தருக்கும் அதோட அருமை தெரியும்.

அதுக்காக அது பொற்காலம்னு நான் சொல்ல வரலை. பரீட்சையும் பட்டமும் வாத்தியார் சங்கத்துக் கையிலதான் இருந்துச்சு. உள்ளூர் மாணவனுக்கு மாணவர் சங்கத்துல இடமில்ல, பெண்களுக்கு வாசலே திறக்கலை.

பாரிஸ்ல வேற மாதிரி, அங்க சங்கம் வச்சது வாத்தியாருங்க. 1229-ல திருவிழா நேரம், மதுக்கடையில பில் தகராறு, அடிதடி, அரசியோட உத்தரவுல வந்த காவலாளிங்க கையில மாணவர்கள் செத்தாங்க. வாத்தியாருங்க பாடத்தை நிறுத்திட்டு ஊரை விட்டே கலைஞ்சு போனாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷம். கடைசியில 1231-ல போப் ஒன்பதாம் கிரகோரி ஒரு சாசனம் குடுத்தார், அநியாயம் நடந்து அதுக்குப் பரிகாரம் கிடைக்கலைன்னா பாடத்தை நிறுத்திக்கலாம்னு அதுலயே இருக்கு. நீங்க இந்தக் காலத்துப் பழக்கம்னு சொன்ன ஸ்ட்ரைக்குக்குப் போப் கையாலயே உரிமை குடுத்து கிட்டத்தட்ட 800 வருஷம் ஆச்சுங்க.

பொலோன்யாவுல மாணவர் கை எப்ப தாழ்ந்துச்சுன்னா, வாத்தியாருக்கு நகர நிர்வாகம் சம்பளம் குடுக்கத் தொடங்கினப்புறம். அதுவரைக்கும் அவருக்கு வருமானமே மாணவர்கள் குடுத்த காசுதான். எல்லா வகுப்புக்கும் சேர்த்து அங்க ஒரே கட்டடம் வந்தது 1563-ல. அதுக்கப்புறம் கோச்சுக்கிட்டு ஊரை விட்டுக் கிளம்பறது அவ்வளவு சுலபமா இல்ல.