வெளுத்துப் போன நீலக் காரைத் தூக்கிப் போட வேண்டாம்

கேள்வி: சோழவந்தானில் இருக்கிறேன், பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. முதன்முதலாக ஒரு மாடல் கார் கட்டுகிறேன்: ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் 1:24 அளவு நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். (ஆர் 34). ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்து நீல ஸ்பிரே அடித்தேன். காலையில் பார்த்தால் கூரையிலும் பானெட்டிலும் விபூதி பூசியது போல ஒரே வெள்ளை. பாகம் பாகமாக வரும் அந்தக் கிட்டை வாங்கித் தந்த மதுரை அண்ணனிடம் கேட்டேன். "பிளாஸ்டிக்கே மட்டம், இனி ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு கிட் வரவழைக்கிறேன், 4,000 ரூபாய் அட்வான்ஸ் போடு. கிஃப்ட் என்று போட்டு வரவழைத்தால் டியூட்டி கிடையாது" என்கிறார். 2,000 அனுப்பிவிட்டேன். என் கார் அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், தம்பி. கார் நன்றாகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கிலும் குறை இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்பிரே டின்னும் தெரிகிறது, அதுவும் சரியான டின்தான். கெடுத்தது அன்றைய காற்றின் ஈரம். மீதி 2,000 ரூபாயை மட்டும் இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நடந்தது இதுதான். ஸ்பிரேயில் பெயிண்டோடு அதைக் கரைத்து வைத்திருக்கும் தின்னரும் சேர்ந்து வருகிறது. பாடியில் விழுந்ததும் தின்னர் ஆவியாகிப் பறக்கும், பறக்கும்போது பாடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இப்படித்தான். பாடி குளிர்ந்து நிற்கிற நேரத்தில் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, காயாத பெயிண்ட் மேல் ஈரம் படியும். பெயிண்ட் அதையும் உள்ளே பிடித்துக்கொண்டு காய்ந்துவிடும். அதுதான் உங்கள் விபூதி. வெள்ளை நிறக் காராக இருந்திருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நீலமும் கறுப்பும்தான் காட்டிக்கொடுக்கும்.

இது புதிய வியாதி இல்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்துப் பழகிய எந்த லாரி பெயிண்டரைக் கேட்டாலும், மழை நாளில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்க மாட்டேன் என்பார். கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடுகிற ஆசாரிகளுக்கும் தெரியும். நான் இந்தப் பாடத்தை ஒரு பாடி ஷாப் பெயிண்டரிடம்தான் கற்றேன். உங்கள் ஊரோ வைகைக் கரை, சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் அங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மழை பெய்த நாளில் ஸ்பிரே அடிக்கவே கூடாது, இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சரி செய்வது எப்படி? முதலில் காரை இரண்டு மூன்று நாள் தொடாமல் வீட்டுக்குள் வையுங்கள், தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடி. அப்புறம் நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வைப்பார்கள் அல்லவா, அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் 60-க்குக் கீழே காட்டினால் ஆரம்பிக்கலாம். ஸ்பிரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, துடைத்துவிட்டு, நன்றாகக் குலுக்குங்கள். கை பொறுக்கும் சூடு போதும். டின்னை அடுப்பில் காட்டினால் வெடித்துவிடும், அந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போது அதே நீலத்தை, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து, பன்னீர் தெளிப்பது போல மெல்லிய ஒரு கோட் மட்டும் அடியுங்கள். புதிய கோட்டில் இருக்கும் தின்னர் பழைய கோட்டின் மேல்பகுதியைக் கொஞ்சம் இளக்கும், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறும். முக்கால்வாசிக் கார்களில் வெள்ளை அங்கேயே மறைந்துவிடும். அதற்குப் பிறகும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஒரு கோட்.

அழுத்தித் தேய்க்க வேண்டாம், தடிமனாகவும் அடிக்க வேண்டாம். ஆர் 34-இன் நிஜ நீளம் 4,600 மில்லிமீட்டர், உங்கள் மேஜையில் இருப்பது 19 செ.மீ.தான். நீங்கள் பூசுகிற பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் வந்துவிட்டால், அது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பட்டி பூசியதற்குச் சமம். கதவுக் கோடெல்லாம் தூர்ந்துவிடும். அடித்த காரைச் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

எதுவும் சரிவராவிட்டால் கடைசி வழி பெயிண்டை முழுவதும் எடுத்துவிடுவது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, பாடியை மட்டும் ஓர் இரவு மூழ்கவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

இந்த இடத்தில்தான் பலர் காரைப் பலிகொடுக்கிறார்கள். மதுரையில் சிம்மக்கல் பக்கமோ உங்கள் ஊரிலேயோ பெயிண்ட் கடைக்குப் போய் "பெயிண்ட் எடுக்க என்ன வேண்டும்" என்று கேட்பார்கள். கடைக்காரர் என்.சி. தின்னரை எடுத்து நீட்டுவார். அவர் மேல் தப்பில்லை, அவர் மனதில் இருப்பது இரும்புக் கதவு. மாடல் காரின் பாடி பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக். தின்னரும், நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனும் அதை வெல்லம் போலக் கரைத்துவிடும். ஹார்டுவேர் கடையில் விற்கும் ஸ்பிரேயும் அப்படித்தான், மேல்பரப்பு வெடித்து நரம்பு நரம்பாகிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "என் நண்பன் தின்னரில் போட்டான், ஒன்றும் ஆகவில்லையே" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து நிற்கிறார். அந்த நண்பர் போட்டது டைகாஸ்ட் காராக இருக்கும். மைஸ்டோ, புராகோ மாதிரி கட்டி முடித்தே விற்பனைக்கு வரும் உலோகக் கார்கள். அவற்றின் பாடி துத்தநாகக் கலவை, தின்னர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பாடிக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. அதே காரில் பம்பர், ஸ்பாய்லர், பக்கக் கண்ணாடி, கிரில், சில வண்டிகளில் பானெட் கூட பிளாஸ்டிக்காக இருக்கும். ஜன்னல் கண்ணாடியும் விளக்குகளும் பிளாஸ்டிக்தான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் தின்னர். எது உலோகம் என்று காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. ஒட்டவில்லை, அதனால் பிளாஸ்டிக் என்று முடிவுகட்டியவர்களும் இருக்கிறார்கள், ஒட்டிய திருகாணியைப் பார்த்து முழுக் காரும் உலோகம் என்று நம்பியவர்களும் இருக்கிறார்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள். கன்னத்தில் வையுங்கள், உலோகம் சில்லென்று இருக்கும். அப்போதும் சந்தேகம் என்றால், உட்பக்கம் வெளியே தெரியாத மூலையில் பஞ்சில் ஒரு துளி தின்னரைத் தொட்டுத் தடவுங்கள், அந்த இடம் பிசுபிசுக்கிறதா பாருங்கள். உங்கள் காருக்கு இந்த விலக்கு கிடையாது. நீங்களே ஸ்புரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டி ஒட்டிய கார் அது, தின்னர் பக்கமே போகக் கூடாது.

இனி அந்த அண்ணன் விஷயம். அவரை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் பேசுகிற பேச்சை நன்றாகத் தெரியும். மழையில் வெளுத்த காரைப் பார்த்து "பிளாஸ்டிக் மட்டம்" என்றால், ஒன்று அவருக்கு வேலை தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் டின் விற்பதிலும் கைவரிசை காட்டுவார்கள். டாமியா டின்னில் டி.எஸ். என்று ஆரம்பிக்கும் எண்தான் நம் மாடலுக்கு. பி.எஸ். என்று இருந்தால் அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் என்கிற வேறு பிளாஸ்டிக் பாடிக்கு. அதை நம் கிட் மேல் அடித்தால் கார் போய்விடும். விற்காமல் தங்கிய பி.எஸ். டின்னை "இதுவும் டாமியாதான்" என்று தலையில் கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எனக்கே ஒருவர் உடைத்து ஒட்டிய பெட்டியை விற்றார், உள்ளே டீக்கால் தாளே, அதாவது காரில் ஒட்டுகிற எழுத்தும் படமும் உள்ள தாளே, இல்லை. இனி கிட் வாங்கினால் பெட்டியை விற்பவர் முன்னாலேயே திறந்து, விளக்கத் தாளைப் பார்த்து, ஏ, பி, சி என்று ஒவ்வொரு ஸ்புரூவையும், கண்ணாடிப் பாகத்தையும், டயர்களையும், டீக்காலையும் எண்ணிப் பாருங்கள். பார்சலாக வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

"கிஃப்ட் என்று போட்டால் டியூட்டி இல்லை" என்பது பழைய கதை. வெளிநாட்டிலிருந்து தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று வரும் பொருளுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும்தான் மிச்சம். கார் கிட் ராக்கி இல்லை. பார்சல் சுங்கத்தில் மாட்டினால் அதன் மேல் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் விலாசமும். அட்வான்ஸ் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இவர்கள் முளைப்பதற்கு வழிசெய்து கொடுத்தது நம் சட்டதிட்டங்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுங்க அட்டவணையில் மாடல் கிட்டும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. தனி ஆளுக்கு வரும் பார்சலுக்குக் கணக்கு வேறு, ஆனால் வரி உண்டு. அது போதாதென்று 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணையே பொம்மை என்று சொல்வது 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுகிற பொருளைத்தான். பிளேடும் நிப்பரும் சால்வென்ட் பசையும் வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து கட்டுவது எந்தக் குழந்தை விளையாட்டு? ஒவ்வொரு முறையும் இதைச் சுங்கத்தில் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது, கேட்கிறவருக்கும் பொறுமை இல்லை. ஸ்பிரே டின்னோ எரியும் வாயு அடைத்தது, விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். நேர்வழியில் சாமான் வருவது இத்தனை கஷ்டமாக இருப்பதால்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் முகம் தெரியாத ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. பில் தருகிற இந்தியக் கடையில் வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும், பொருள் கைக்கு வரும்.

கொடுத்த 2,000 ரூபாயை இன்றே திருப்பிக் கேளுங்கள். போனில் பேசாதீர்கள், மெசேஜில் கேளுங்கள்: இந்தத் தேதியில் இவ்வளவு அனுப்பினேன், ஆர்டர் வேண்டாம், ஏழு நாளில் திருப்பி அனுப்புங்கள் என்று. பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும் "டியூட்டி கிடையாது" என்று அவர் சொன்ன மெசேஜையும் பத்திரமாக வையுங்கள். ஏழு நாள் கழித்தும் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை அவருக்கே அனுப்புங்கள். மதுரையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் 2,000 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக அலைவதற்குள் உங்கள் டிப்ளமோ முடிந்துவிடும். பெரும்பாலும் புகார் எண்ணைப் பார்த்ததுமே பணம் வந்துவிடுகிறது.

காரைப் பொறுத்தவரை, வெள்ளை மறைந்த பிறகு ஒரு வாரம் காயவிடுங்கள். அதற்கு முன் டீக்கால் ஒட்ட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியை ஒட்ட ஃபெவிக்விக் எடுக்காதீர்கள், அதன் ஆவி பட்டால் கண்ணாடியும் இதே போல வெளுக்கும், அதற்கு இந்த மறு கோட் வைத்தியம் கிடையாது.